வீட்டுப் பிரசவமும் நாடாக் கட்டிலும்

ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்த என் உத்தியோகத்தில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். கைவேலை பிள்ளை பிறந்து கொடியை அறுத்ததும் ஒருவழியாக முடிந்துவிடும். வாய்வேலை முடியவே முடியாது. "ஒரு சுத்தமான துணி குடுங்க", "ஒரு சொம்பு சுடுதண்ணி குடுங்க", "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க" என்று கெஞ்சி, கொஞ்சி, கடைசியில் கத்தி, வீட்டுக்குத் திரும்பும்போது தொண்டை கட்டிப்போயிருக்கும்.

விழுப்புரத்தில் பயிற்சி முடித்த கையோடு திண்டிவனம் பக்கம் வேலைக்குப் போட்டார்கள். ஐம்பதுகளில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "வீட்டுல இல்லாத வசதியா?" அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வீட்டுப் பிரசவத்துக்கு விரோதி இல்லை, எனக்குச் சோறு போட்டதே அதுதான். பழகின சுவர், பழகின முகம், வலிக்கு நடுவே எழுந்து நாலு எட்டு நடக்கலாம், வேண்டியதை வாய்விட்டுக் கேட்கலாம். எல்லாம் நல்லதுதான். அந்த வசதியெல்லாம் யாருக்கு என்பதுதான் என் சண்டை. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலப் பை தூக்கி அலைந்தவர்கள் இருப்பீர்கள், வீட்டில் பெற்றவர்களும் இருப்பீர்கள். நான் கோபப்பட்டது தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரம்மதேசத்து ஓட்டு வீடு

பிரம்மதேசத்தில் சொந்த நிலம், கிணறு, இரண்டு ஜோடி மாடு என்று வசதியாக இருந்த குடும்பம். மருமகள் அஞ்சலைக்குத் தலைச்சன் பிரசவம். தலைச்சன் என்றால் தாய் வீட்டில்தானே பார்ப்பார்கள்? அஞ்சலை சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவள் அம்மா போய்விட்டாள். அதனால் மாமியார் வீட்டிலேயே பிரசவம். அவள் புருஷன் கோவிந்தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டான். நான் கேரியரில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு நாடாக் கட்டில். தேக்குச் சட்டம், கடைசல் பிடித்த கால், தொய்வில்லாமல் இழுத்துப் பின்னிய வெள்ளை நாடா. காற்று சிலுசிலுவென்று வருகிற ஜன்னலோரம் போட்டிருந்தது. அதில் அஞ்சலையின் மாமனார் எல்லப்பன் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தார். "அஞ்சலை எங்கே?" என்றேன். எழுந்திருக்காமலே கால் கட்டைவிரலால் பின்பக்கத்தைக் காட்டினார். பின்பக்கம் என்றால் கன்றுக்குட்டி கட்டுகிற கொட்டகை. சாணியும் மூத்திரமும் ஊறின மண் தரையில் ஒரு கோணிச் சாக்கு. அதன்மேல் அஞ்சலை. பக்கத்தில் மூக்கும் முழியுமாக ஓர் ஆண் பிள்ளை. மாமியார் முனியம்மா கருக்கரிவாளால் கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலை அப்பியிருந்தாள்.

சாம்பலைத் துடைத்து, மருந்து போட்டுவிட்டு, "பெரியவரை எழுப்பிவிட்டு இவளைக் கட்டிலில் படுக்க வையுங்கள்" என்றேன். முனியம்மா என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிள்ளை பெறுகிறவள் உடம்பு பட்டதெல்லாம் தீட்டு, அப்புறம் வீட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகையால் வீட்டிலேயே எது ரொம்ப மட்டமோ அதைத் தேடி எடுத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பது வழக்கம். முனியம்மா பொல்லாதவள் இல்லை, கெட்டிக்காரக் குடும்பஸ்திரீ. அந்தப் பெருமையோடுதான் சொன்னாள்: "வீட்டுல இல்லாத வசதியா நர்சம்மா? தூக்கிப் போடறதுதானேன்னு பழைய சாக்கா பார்த்து விரிச்சேன்."

வாய் திறக்காத பிள்ளை

அந்த வாரம் முடிவதற்குள் கோவிந்தன் மறுபடி வந்தான். பிள்ளை பால் குடிக்கவில்லை என்றான். பையைத் தூக்கிக்கொண்டு உடனே கேரியரில் ஏறினேன். போய்ப் பார்த்தால் பிள்ளைக்கு வாய் இறுகிப்போய், உடம்பு வில்லாக வளைகிறது. ஜன்னி. சாணி மண்ணிலும் அழுக்கு அரிவாளிலும் இருக்கிற விஷம் தொப்புள் வழியாக உள்ளே போனால் வருவது. திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று வண்டி பூட்டச் சொன்னேன். மாட்டை அவிழ்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாதாவே, அந்தப் பிஞ்சு முகத்தை இத்தனை வருஷம் ஆகியும் மறக்க முடியவில்லை.

காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் துக்க வீடு என்றும் பார்க்கவில்லை. "காத்துமில்லை, கருப்புமில்லை! உங்கள் அரிவாளும் அந்தச் சாக்கும் கொட்டகையும்தான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று" என்று கத்தினேன். முனியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, நிஜமாகவே புரியாமல், "சாக்கு இன்னா பண்ணும்? அதுல நாங்க மல்லாட்டைதானே கட்டி வச்சிருந்தோம்" என்றாள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அஞ்சலை அழவில்லை. பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட்டெல்லாம் நனைந்திருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அடுத்ததையும் இந்தச் சாக்குலதான் பெக்கணுமா நர்சம்மா?"

விழுப்புரத்து மறைப்பு

அதற்கப்புறம் என்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். டவுன் ஆயிற்றே, படித்தவர்கள், இங்கே தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். நல்லா நினைத்தேன் போங்கள்! ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் ஒருத்தர், வெள்ளைச் சட்டை, பேனா எல்லாம் உண்டு. மனைவிக்கு இரண்டாவது பிரசவம். "ஆஸ்பத்திரின்னா கண்டவங்க கண்ணு படும் சிஸ்டர். வீடுன்னா ஒரு மறைவு, ஒரு மரியாதை" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

மறைவு என்ன என்று பார்த்தேன். சமையல்கட்டுக்கும் குளிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு சந்து. கதவு கிடையாது. கயிற்றில் ஒரு கிழிசல் புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறையில் அவருடைய ரேடியோ இருந்தது, அதற்குத் தூசி ஆகாதாம். தண்ணீர் மொள்ளப் போகிறவர், கை கழுவப் போகிறவர் எல்லாரும் அந்தப் புடவையைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள், வந்தார்கள். அந்தப் பெண் சத்தம் வெளியே போகக்கூடாது என்று தன் கையையே கடித்துக்கொண்டிருந்தாள். தலை தெரிகிற நேரம். "கொஞ்சம் முக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், புடவை தூக்குகிறது. அவள் புருஷன்! துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறார். வெளியே போங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் சமையல்கட்டில் பாத்திரம் உருண்டது. மனுஷன் அசையவில்லை. "நான் எதுவும் பார்க்கல சிஸ்டர், கண்ணை மூடிக்கினுதான் வர்றேன், டூட்டிக்கு டைமாயிடுச்சு, குளிச்சிட்டுப் போயிடறேன்."

ஓடுகிற மோட்டார்

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து வீடு. சுகப் பிரசவம், நல்ல எடையுள்ள பெண் பிள்ளை. எனக்கு அன்றைக்குச் சண்டை போட ஒன்றுமே இல்லை என்று சந்தோஷமாகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண் நாக்கால் உதட்டைத் தடவி, "கொஞ்சம் தண்ணி" என்றாள். கூட இருந்த பெண்கள் ஒரேயடியாகப் பதறிப்போனார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு உப்பிவிடும், ஜலதோஷம் பிள்ளைக்கு இறங்கிவிடும், கூடவே கூடாது. வேண்டுமானால் வெற்றிலையில் சுக்கு வைத்து மடித்துத் தருகிறோம் என்றார்கள். வியர்த்து வியர்த்து உடம்பிலிருந்த ஈரமெல்லாம் வடிந்தவளுக்குச் சுக்கு!

நயமாகச் சொன்னேன், சத்தம் போட்டுச் சொன்னேன். மசியவில்லை. கடைசியில், "மருந்து கலக்க வேண்டும்" என்று பொய் சொல்லிக் காய்ச்சின தண்ணீர் வாங்கி ஆறவைத்து, அவர்கள் அசந்த நேரத்தில் அவளுக்குப் புகட்டினேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு டம்ளர் தண்ணீரைத் திருடிக் கொடுக்க வேண்டியிருந்தது! ஜன்னலுக்கு வெளியே புதிதாகப் போட்ட கரண்ட் மோட்டார் ஓடுகிறது. கால்வாய் நிறையத் தண்ணீர் சலசலவென்று கரும்புக்குப் பாய்கிறது. மடக் மடக்கென்று குடித்து முடித்துவிட்டு அவள் என் காதோரம் சொன்னாள்: "தாகத்தைக்கூட அடக்கிக்கலாம் நர்சம்மா, அந்த மோட்டாரை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

மண்டிக்குப் போகிற வண்டி

மறுபடி திண்டிவனம் பக்கமே மாற்றல் வந்தது. முதல் வேலையாகப் பிரம்மதேசம் போனேன். அஞ்சலை நிறைமாசம். என்னைப் பார்த்ததும் அவள் கை வயிற்றின்மேல் போயிற்று. அவள் மனசில் என்ன ஓடியது என்று சொல்லவா வேண்டும்? இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும். எனக்கும் அதேதான். வலி எடுப்பதற்கு முன்னாலேயே திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று முனியம்மாவிடம் பேசிப் பேசி, அவளைப் பாதி சம்மதிக்க வைத்தேன். வாசலுக்கு வந்தால் வண்டி பூட்டி நிற்கிறது. திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்டை மூட்டை போகிறதாம். தெய்வமே கண் திறந்தது என்று எல்லப்பனிடம் ஓடினேன். "அங்கேதானே போகிறது வண்டி? அவளையும் ஏற்றி அனுப்புங்கள்."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அதுவே பெரிய மரியாதைதான். நிதானமாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது: "நீங்க சொல்றது சரிதான் நர்சம்மா. ஆனா மூட்டை மேல குந்திக்கினு போறப்ப வழியில வலி எடுத்துட்டா அத்தினி மல்லாட்டையும் தீட்டாப் பூடுமே, மண்டியில எவன் வாங்குவான்?" அப்படியானால் பஸ்ஸில் அனுப்புங்கள் என்றேன். ஊரே சிரிக்கும் என்றார். முதல் பிள்ளையைச் சாக்கில் போட்டுப் பறிகொடுத்தீர்களே, அந்தச் சாக்குக்கு இருக்கிற மரியாதைகூட இவளுக்கு இல்லையா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அஞ்சலை என்னோடு வேப்பமரம் வரைக்கும் நடந்து வந்தாள். "நர்சம்மா, சுடுதண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல காய வச்சா அந்த ஜன்னி வராதா?" என்றாள். "படுக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும், துணி துவைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும், கொடியை நான் வந்து என் கத்தரிக்கோலால்தான் அறுக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் அந்தச் சுத்தமான இடத்தை உனக்கு யார் கொடுப்பார்கள்?" என்றேன். அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். "குடுக்க மாட்டாங்கதான். நீங்க மட்டும் ஜல்தியா வந்துடுங்க."

கோவிந்தன் சொன்னது

கோவிந்தன் வந்தபோது நல்ல வெயில். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மிதித்த வியர்வை என்று நினைத்தேன். வியர்வை இல்லை, தண்ணீர். கேரியரில் ஏறி உட்கார்ந்ததும், "வலி எப்போது எடுத்தது?" என்று கேட்டேன். "காலையிலேயே. ஆனா அவ யார்கிட்டயும் மூச்சு வுடல" என்றான். முனியம்மா களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள், எல்லப்பன் மாட்டுக்கு லாடம் கட்டப் போயிருந்தார்.

அதற்குமேல் பேச மாட்டேன் என்கிறான். இந்தக் கோவிந்தன் அப்பா முன்னால் தும்மக்கூட யோசிக்கிற ஆள். முதல் பிள்ளை போனபோதும் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதோடு சரி. அன்றைக்கே அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஊர் எல்லை வந்ததும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "கட்டிலுக்குச் சுடுதண்ணி ஊத்தினது நான்தான்னு மட்டும் நைனாகிட்ட சொல்லிடாதீங்க நர்சம்மா, பேஜாராப் பூடும்."

தூக்கிப் போடறது

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள், வாசலில் கூட்டம். முனியம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எறங்குடி கீழ! எறங்குடி!" என்று கத்துகிறார். ஆனால் அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. யாருமே தாண்டவில்லை. உள்ளே, கூடத்தில், அந்த நாடாக் கட்டிலில் அஞ்சலை. சட்டம் பளபளவென்று கழுவியிருந்தது, நாடாவில் வெயிலில் காய்ந்த வாசனை, மூலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம். அதன்மேல் துவைத்து மடித்த தன் கூறைப் புடவையை விரித்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வலி எடுத்தவளைத் தொட்டால் தொட்டவருக்கும் தீட்டு. அவளை இழுத்துக் கீழே தள்ள வேண்டுமானால் தொட வேண்டும். தொட ஆள் இல்லை! போன தடவை தொட்ட முனியம்மாவுக்கும் களத்தில் காய்கிற மல்லாட்டை தீட்டாகிவிடுமே என்ற பயம். அவர்கள் போட்ட வேலிக்குள்ளேயே அவள் போய்ப் பத்திரமாகப் படுத்துக்கொண்டுவிட்டாள். என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே, "பனிக்கொடம் கட்டில்மேலயே ஒடைஞ்சிடுச்சு நர்சம்மா" என்றாள். வெற்றிச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். என் உத்தியோகத்தில் யாரையும் கெஞ்சாமல் ஒரு கதவைச் சாத்தியது அன்றைக்குத்தான். ஜன்னல் காற்று வந்தது. அவளுக்கு வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுத்தேன். எழுந்து நின்றாள், கட்டில் காலைப் பிடித்துக் குந்தினாள், மறுபடி படுத்தாள், இஷ்டத்துக்குக் கத்தினாள். வீட்டில் பெறுகிற சுகம் என்றால் என்ன என்று நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பெண் பிள்ளை. கொதித்த தண்ணீரில் போட்டெடுத்த கத்தரிக்கோலால் கொடியை அறுத்து, சுத்தமான துணியில் சுற்றி அவள் பக்கத்தில் போட்டேன். எனக்குக் கண்ணை மறைத்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் எல்லப்பன் நிலைப்படியில் நின்றார். பிள்ளையைப் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்தார். தேக்குச் சட்டம், கடைசல் கால், எல்லாம் போச்சு. முகம் செத்துப்போயிருந்தது. "இனிமே இத எவன் தொடுவான்? தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். அஞ்சலை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், மருமகள் மாமனாரிடம் பேசுகிற அதே அடக்கத்தோடு சொன்னாள்: "தூக்கிப் போடறதுதானே மாமா, எனக்கே போட்டுடுங்க."

அந்த வாரம் பூராவும் நான் தினமும் போனேன். போனதும் முதலில் பிள்ளையின் வாயைத்தான் பார்ப்பேன். வாயைத் திறந்து வீறிட்டு அழும். வாரமும் தாண்டியது, மாதமும் தாண்டியது, பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிட்டது. கடைசியாகப் போன அன்றைக்குக் கூடத்து ஜன்னலோரம் தாயும் பிள்ளையும் நாடாக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சுவரோரம் தரையில் ஒரு மல்லாட்டைச் சாக்கை விரித்து எல்லப்பன் படுத்திருந்தார், முதுகு பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தார். என்னைப் பார்த்ததும் முனகினார்: "சாக்கு ரொம்பக் குத்துது நர்சம்மா."

அதிலிருந்து, "வீட்டுல இல்லாத வசதியா?" என்று யார் வந்து கூப்பிட்டாலும், அந்த வீட்டில் கட்டிலில் படுக்கிறவர் யார், சாக்கில் படுக்கிறவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பையில் கை வைப்பேன்.